இருபத்தைந்தாயிரம் ஓம்

மின்வெட்டு வந்த இரவுகளில் எங்கள் தெருவில் உயிரோடு இருந்த ஒரே கருவி தொலைபேசிதான். விளக்கு அணைந்திருக்கும், மின்விசிறி நின்றிருக்கும். ஆனால் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் அந்த ஒரே சீரான ரீங்காரம் கேட்கும். வீட்டிலேயே கரண்ட் இல்லாதபோது இது மட்டும் எப்படிப் பேசுகிறது என்று அப்பாவிடம் கேட்டேன். "அதுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்ச்லேருந்து வருதுடா" என்றார்.

அப்பா சொன்னது முழு உண்மை. தொலைபேசி நிலையத்தில் ஓர் அறை நிறைய ஈய-அமில மின்கலங்கள் இருக்கும். ஒரு கலம் ஏறக்குறைய 2 வோல்ட். 24 கலங்களைத் தொடராகக் கோத்தால் 48 வோல்ட். பேச்சைச் சுமந்து வந்த அதே இரண்டு செம்புக் கம்பிகள்தான் அந்த 48 வோல்ட்டையும் வீடுவரை கொண்டுவந்தன. ஊரே இருண்டாலும் நிலையத்து மின்கலம் தாக்குப்பிடிக்கும்வரை தொலைபேசி பேசும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் இந்த ஏற்பாட்டை நம்பி வாழ்ந்தது. தீ விபத்தா, பிரசவ வலியா, எதுவானாலும் போன் வேலை செய்யும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலுவலகங்களுக்குள் ஐபி போன்கள் நுழைந்தபோது இந்த நம்பிக்கை சத்தமில்லாமல் உடைந்தது. குரல் இப்போது கணினி வலையின் கேபிளில் பயணம் செய்தது. அந்தக் கேபிள் செய்தியைச் சுமந்தது, மின்சாரத்தைச் சுமக்கவில்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு அடாப்டர், அதற்கு ஒரு பிளக் பாயின்ட். கரண்ட் போனால் போனும் போயிற்று. புதிய தொழில்நுட்பம் என்று கொண்டுவந்து, பழையது இலவசமாகத் தந்த ஒரு பாதுகாப்பை இழந்து நின்றோம்.

அந்த இழப்பைச் சரிசெய்யப் பிறந்ததுதான் பி.ஓ.இ. ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும் முறை. சிஸ்கோ நிறுவனம் 2000-இல் தன் போன்களுக்காகச் சொந்த வழி ஒன்றைக் கொண்டுவந்தது. 2003-இல் ஐ.இ.இ.இ. அமைப்பு எல்லாருக்கும் பொதுவான 802.3ஏஎஃப் என்ற தரத்தை வெளியிட்டது. மின்னழுத்தம் எவ்வளவு தெரியுமா? மீண்டும் அதே 48 வோல்ட் வட்டாரம்தான். 60 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும் நேர்மின்னோட்டம் மனிதர் தொட்டாலும் பெரிதாகத் தீங்கு செய்யாது என்பது ஒரு காரணம். அந்த எல்லைக்குள் எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தினால் கம்பியில் வீணாகும் வெப்பம் குறையும் என்பது இன்னொரு காரணம். தொலைபேசிப் பொறியாளர்கள் பல தலைமுறைகளுக்கு முன் வந்து சேர்ந்த இடத்துக்கே கணினிப் பொறியாளர்களும் வந்து சேர்ந்தார்கள்.

எக்ஸ்சேஞ்சின் வேலையை இப்போது செய்வது நெட்வொர்க் ஸ்விட்ச். சுவரில் விளக்குப் போடும் சுவிட்ச் வேறு, இது வேறு. மாடிப்படிக்கு அடியில், ஏ.சி. போட்ட சிறு அறையில், கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரியில் இது இருக்கும். தட்டையான பெட்டி, முகத்தில் 24 அல்லது 48 துளைகள், ஒவ்வொன்றின் மேலும் மினுங்கும் பச்சை விளக்கு. துளைக்குப் பெயர் போர்ட். கட்டடத்தின் ஒவ்வொரு போனும் கேமராவும் வைஃபை பெட்டியும் ஒரு கேபிள் வழியாக இங்கே வந்து முடியும். அந்தப் பெட்டிக்கு மட்டும் ஒரு யூ.பி.எஸ். வைத்தால் போதும், அதில் தொங்கும் எல்லாக் கருவிகளும் மின்வெட்டைத் தாண்டி வாழும். அப்பா சொன்ன எக்ஸ்சேஞ்ச் திரும்ப வந்துவிட்டது.

ஆனால் பழைய எக்ஸ்சேஞ்சுக்கு இல்லாத ஒரு சிக்கல் இதற்கு உண்டு. தொலைபேசிக் கம்பியின் மறுமுனையில் தொலைபேசிதான் இருக்கும். ஸ்விட்சின் கேபிள் முனையில் என்ன செருகியிருக்கிறது என்று ஸ்விட்சுக்குத் தெரியாது. போனாக இருக்கலாம், பத்து வருடப் பழைய பிரின்டராக இருக்கலாம், யாரோ கொண்டுவந்த லேப்டாப்பாக இருக்கலாம். மின்சாரத்தை எதிர்பார்க்காத ஒரு கருவிக்குள் 48 வோல்ட்டைப் பாய்ச்சினால் உள்ளே இருக்கும் சிறு மின்தடைகள் கருகிவிடக்கூடும். அதனால் தரத்தை எழுதியவர்கள் ஒரு விதி வைத்தார்கள்: கேட்காமல் கொடுக்காதே.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கேபிளைச் செருகியதும் ஸ்விட்ச் முதலில் 3 வோல்ட்டுக்கும் 10 வோல்ட்டுக்கும் இடைப்பட்ட ஒரு சிறு அழுத்தத்தைத் தருகிறது. எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று அளக்கிறது. பிறகு அழுத்தத்தைச் சற்று மாற்றி இன்னொரு முறை அளக்கிறது. இரண்டு அளவுகளின் வித்தியாசத்திலிருந்து மறுமுனையின் மின்தடையைக் கணக்கிடுகிறது. அது 25,000 ஓம் அளவில் இருந்தால், மறுமுனையில் இருப்பது பி.ஓ.இ. தெரிந்த கருவி என்று பொருள். அந்தக் கருவியைச் செய்தவர் இந்தக் கேள்விக்குப் பதிலாகவே அந்த மின்தடையை உள்ளே வைத்திருக்கிறார். 10 வோல்ட்டில் 25,000 ஓம் வழியாகப் பாயும் மின்னோட்டம் வெறும் 0.4 மில்லி ஆம்பியர். அது எந்தக் கருவியையும் எதுவும் செய்யாது. மின்தடை ஏறக்குறைய 15,000-க்கும் 33,000-க்கும் இடையில் இல்லையென்றால் ஸ்விட்ச் மின்சாரத்தைத் திறப்பதே இல்லை.

முதல் கேள்விக்குப் பதில் சரியாக இருந்தால் அடுத்த கேள்வி: உனக்கு எவ்வளவு வேண்டும்? இப்போது 15 முதல் 20 வோல்ட் வரையிலான அழுத்தம் போகும். கருவி இழுக்கும் மின்னோட்டத்தின் அளவுதான் அது எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும் பதில். இத்தனையும் முடிந்த பிறகே 48 வோல்ட் பாயும். பாயத் தொடங்கிய பிறகும் ஸ்விட்ச் கண்காணிப்பை விடுவதில்லை. கருவியை யாராவது பிடுங்கினால் மின்னோட்டம் விழும். அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் ஸ்விட்ச் மின்சாரத்தை நிறுத்திவிடும். அதே கேபிளில் அடுத்து வேறு எதையாவது செருகினால் மறுபடி முதல் கேள்வியிலிருந்து தொடங்கும்.

ஸ்விட்ச் இல்லாமலே ஒரு கேபிளில் மின்சாரத்தை ஏற்றும் சிறு பெட்டிக்கு இன்ஜெக்டர் என்று பெயர். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சில இன்ஜெக்டர்கள் எதையும் கேட்காமல் மின்சாரத்தைப் பாய்ச்சும். அவற்றை வாங்காதீர்கள். இன்ஜெக்டரின் விலையில் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு கணினியை இழப்பீர்கள்.

தரத்தின் எண்களுக்குள்ளும் ஓர் அழகு இருக்கிறது. 2003-ஆம் ஆண்டுத் தரத்தின்படி ஸ்விட்ச் ஒரு போர்ட்டில் 15.4 வாட் தரும், கருவிக்குப் போய்ச் சேர்வது 12.95 வாட் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இடையில் காணாமல் போன 2.45 வாட் எங்கே? 100 மீட்டர் கேபிளின் மின்தடை, போகவும் வரவுமாகச் சேர்த்து 20 ஓம் என்று வைத்தார்கள். மின்னோட்டம் 0.35 ஆம்பியர். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் இழப்பு வரும் என்பது பள்ளிப் பாடம். 0.35 × 0.35 × 20 = 2.45. காணாமல் போனது அத்தனையும் கேபிளின் சூடாக மாறியது. 2009-இல் வந்த அடுத்த தரத்தில் 30 வாட் கிளம்பி 25.5 வாட் சேரும். 2018-இல் வந்த 802.3பிடி நான்கு ஜோடிக் கம்பிகளையும் பயன்படுத்தி 90 வாட் வரை அனுப்புகிறது. இந்தக் கணக்குகள் எல்லாம் சுத்தமான செம்புக் கேபிளுக்கு எழுதப்பட்டவை. அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசிய கேபிளை விலை குறைவு என்று இழுத்துவிட்டால் மின்தடை கூடும், சூடு கூடும், கடைசியில் இருக்கும் கேமரா திணறும். சுவருக்குள் போய்விட்ட கேபிளைப் பிறகு மாற்ற யாரும் வரமாட்டார்கள்.

ஒரு போர்ட்டின் கணக்கு இது. முழு ஸ்விட்சின் கணக்கு வேறு, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கல்யாண வீட்டில் 48 இலை போட்டிருக்கிறது, சோறு 24 பேருக்குத்தான் வடித்திருக்கிறது என்றால் என்ன ஆகும்? பரவலாக விற்கும் 48 போர்ட் ஸ்விட்சுகள் பலவற்றில் பி.ஓ.இ.க்கு ஒதுக்கிய மொத்த மின்திறன் 740 வாட். போர்ட்டுக்கு 30 வாட் தரும் என்று பெட்டியில் எழுதியிருக்கும், அதுவும் உண்மைதான். ஆனால் 48 பேரும் 30 வாட் கேட்டால் 1,440 வாட் வேண்டும். 740 வாட்டை வைத்துக்கொண்டு எல்லா இலைக்கும் பரிமாறுவதானால் ஆளுக்கு 15.4 வாட்தான்.

ஒரு கல்லூரிக் கட்டடத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். பகலெல்லாம் எல்லாக் கேமராக்களும் ஒழுங்காக ஓடும். மாலை ஆறரை மணி வாக்கில் வாசல் கேமரா மட்டும் அணைந்துவிடும், காலையில் தானாக வந்துவிடும். கேமராவை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள், அணைவது நிற்கவில்லை. இருட்டியதும் எல்லாக் கேமராக்களிலும் அகச்சிவப்பு விளக்குகள் ஒரே நேரத்தில் எரியத் தொடங்கின, ஒவ்வொரு கேமராவும் சில வாட் கூடுதலாக இழுத்தது, பகலில் போதுமாக இருந்த மொத்தத் திறன் மாலையில் போதவில்லை. ஸ்விட்ச் யாரையாவது வெட்டியாக வேண்டும். எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே முன்னுரிமை இருந்ததால், அந்த ஸ்விட்சின் வழக்கப்படி எண்ணில் பெரிய போர்ட் வெட்டப்பட்டது. வாசல் கேமரா 24-ஆம் போர்ட்டில் இருந்தது. எது மிகவும் தேவையோ அதுவே முதலில் அணைந்தது, அதுவும் இருட்டில்.

இதற்குத் தீர்வு ஸ்விட்சுக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் மின் முன்னுரிமை என்று மூன்று நிலைகள் உண்டு: மிக முக்கியம், முக்கியம், சாதாரணம். திறன் பற்றாமல் போகும்போது சாதாரணத்திலிருந்து வெட்டிக்கொண்டு வரும். வாசல் கேமராவையும் காவலாளி அறை போனையும் மிக முக்கியத்தில் வைத்துவிட்டு, ஓய்வறை வைஃபையைச் சாதாரணத்தில் விட்டிருந்தால் அந்தக் கல்லூரிக்கு ஆறரை மணிப் பிரச்சினையே வந்திருக்காது. அந்த அமைப்பை ஸ்விட்ச் வைத்த நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை.

மின்சாரத்துக்கு ஒரு முன்னுரிமை இருப்பதுபோல, கேபிளில் ஓடும் செய்திக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வாசல் கேமராவுக்கு மின்சாரம் நிற்கவே கூடாது, ஆனால் அதன் படம் பதிவுப் பெட்டிக்கு அரை நொடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் ஒன்றும் குடிமுழுகாது. போனுக்கு மின்சாரமும் வேண்டும், தாமதமும் கூடாது.

எவ்வளவு தாமதம் கூடாது? வழக்கமான ஜி.711 முறையில் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, 20 மில்லி நொடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புவார்கள். நொடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், மேலே முகவரிச் சுமைகள். எல்லாம் சேர்த்து ஈதர்நெட் கேபிளில் ஒரு குரலுக்கு நொடிக்கு ஏறக்குறைய 87 கிலோபிட்தான் ஆகும். நூறு கோடி பிட் ஓடும் கேபிளில் இது ஒரு துளி. ஆனால் அந்தத் துளி சொட்டும் தாளம் தவறக் கூடாது. வாயிலிருந்து காதுவரை 150 மில்லி நொடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வழிகாட்டுகிறது. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, "சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று தடுமாறுவோம்.

கேபிள் பெரியது, குரல் சிறியது, பிறகு ஏன் தாமதம் வருகிறது? சராசரியைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் 20 கேமராக்கள் ஒரு ஸ்விட்சில் இருக்கின்றன, அங்கிருந்து வெளியேறும் கேபிள் 100 மெகாபிட் என்று வையுங்கள். சராசரி 80 மெகாபிட், இடம் இருக்கிறது. ஆனால் கேமரா சீராக அனுப்புவதில்லை. சில நொடிகளுக்கு ஒருமுறை முழுப் படத்தையும் மொத்தமாகக் கொட்டும், இடையில் மாற்றங்களை மட்டும் சொட்டும். பல கேமராக்கள் ஒரே கணத்தில் முழுப் படத்தைக் கொட்டினால் அவ்வளவும் ஸ்விட்சின் நினைவகத்தில் வரிசையில் நிற்கும். 1 மெகாபைட் வரிசை சேர்ந்துவிட்டால், 100 மெகாபிட் கேபிளில் அது வடிய 80 மில்லி நொடி ஆகும். அந்த வரிசையின் கடைசியில் வந்து நின்ற குரல் பாக்கெட்டுக்கு, அனுமதித்த 150-இல் பாதிக்கு மேல் இந்த ஒரே இடத்தில் போய்விட்டது. குரல் வெட்டி வெட்டிக் கேட்பது இதனால்தான்.

கூட்டமுள்ள கோயில்களில் என்ன செய்கிறார்கள்? பொது தரிசனத்துக்கு ஒரு வரிசை, சிறப்பு தரிசனத்துக்கு ஒரு வரிசை. ஸ்விட்சும் அதையே செய்கிறது. வெளியேறும் ஒவ்வொரு போர்ட்டிலும் பல வரிசைகள் உண்டு. குரலுக்கு ஒரு தனி வரிசை. அதில் ஒரு பாக்கெட் வந்து நின்றால் மற்ற வரிசைகள் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதுதான் அடுத்து போகும். ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் ஒரு பாக்கெட் முடியும்வரை மட்டும் காத்திருக்க வேண்டும். 1,500 பைட் பாக்கெட் ஒன்று 100 மெகாபிட் கேபிளில் போக 0.12 மில்லி நொடி. 80 மில்லி நொடிக் காத்திருப்பு 0.12-க்கு இறங்கிவிட்டது, ஒரு ரூபாய் செலவில்லாமல், கேபிளைப் பெரிதாக்காமல்.

எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதைப் பாக்கெட்டின் நெற்றியில் எழுதிய எண் சொல்லும். ஈதர்நெட் அடுக்கில் 3 பிட் இடம் இதற்கு உண்டு, 0 முதல் 7 வரை எண் போடலாம். குரலுக்கு 5. ஐபி அடுக்கில் 6 பிட் இடம், 64 எண்கள். குரலுக்கு 46. இந்த 5-க்கும் 46-க்கும் ஓர் உறவு இருக்கிறது. 46-ஐ இரும எண்ணில் எழுதினால் 101110. அதன் முதல் மூன்று இலக்கங்கள் 101, அதாவது 5. ஐபி தெரியாத பழைய ஸ்விட்சும் புதியதும் ஒரே பொருளில் படித்துக்கொள்ள வசதியான எண் இது.

சிறப்பு வரிசைக்கு ஒரு பலவீனம் உண்டு. எல்லாரும் சிறப்புச் சீட்டு வாங்கிவிட்டால் அது பொது வரிசையைப் போலவே நீளும், உண்மையான பொது வரிசை நகரவே நகராது. நெற்றியில் 46 என்று எழுதிக்கொள்ள எந்தக் கணினியாலும் முடியும், அதற்குச் சில வரி நிரல் போதும். ஸ்விட்ச் அதை அப்படியே நம்பினால், யாரோ ஒருவர் இறக்கும் திரைப்படமும் மருத்துவரின் அழைப்பும் ஒரே வரிசையில் முட்டிக்கொள்ளும். அதனால் நல்ல அமைப்பில் இரண்டு காவல்கள் இருக்கும். முதலாவது, போன் இருக்கும் இடத்திலிருந்து வரும் 46-ஐ மட்டும் ஏற்று, கணினியிலிருந்து வருவதை அழித்து 0 என்று எழுதுவது. இரண்டாவது, போனுக்கே ஒரு வரம்பு வைப்பது. ஒரு குரலுக்கு 87 கிலோபிட் என்றால் 128 கிலோபிட்டுக்கு மேல் சிறப்பு வரிசையில் விடாதே என்று சொல்லிவிடலாம். உண்மையான போனுக்கு அது தாராளம், போன் வேடம் போட்டவருக்கு அது போதாது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். போன் எது, கணினி எது என்று ஸ்விட்சுக்கு எப்படித் தெரியும்?

பெரும்பாலான இடங்களில் போன் தானே சொல்வதால் தெரிகிறது. எல்.எல்.டி.பி. என்ற அறிமுக மொழி ஒன்று உண்டு. போன் அந்த மொழியில் "நான் போன், எனக்கு இத்தனை வாட் வேண்டும்" என்று சொல்லும். தேவையைப் பத்தில் ஒரு வாட் துல்லியத்தில்கூடச் சொல்ல முடியும். ஸ்விட்ச் பதிலுக்கு, "உன் குரலை இந்த விலானில் அனுப்பு, 46 என்று எழுது" என்று சொல்லும். விலான் என்பது ஒரே ஸ்விட்சுக்குள் எழுப்பிய கண்ணுக்குத் தெரியாத சுவர். ஒரு விலானில் இருப்பவர் இன்னொரு விலானில் இருப்பவரை நேரடியாகத் தொட முடியாது. 4,094 அறைகள்வரை இப்படிப் பிரிக்கலாம். குரலுக்கு ஓர் அறை, கேமராவுக்கு ஓர் அறை, ஊழியர் கணினிக்கு ஓர் அறை.

அழகான ஏற்பாடுதான். ஆனால் எல்.எல்.டி.பி.யில் சொல்வதற்கு எந்தச் சான்றும் கேட்பதில்லை. ஒரு லேப்டாப் "நான் போன்" என்று சொன்னால் ஸ்விட்ச் அதையும் குரல் அறைக்குள் அனுமதித்துவிடும்.

இப்போது அந்த வாசல் கேமராவுக்குத் திரும்ப வாருங்கள். அது கட்டடத்துக்கு வெளியே, மதிலில் இருக்கிறது. அதன் கேபிள் உள்ளே ஸ்விட்ச்வரை போகிறது. ஒருவர் ஏணி வைத்து ஏறி, கேமராவின் கேபிளைக் கழற்றி, தன் லேப்டாப்பில் செருகுகிறார். என்ன நடக்கும்? ஸ்விட்ச் முதலில் தன் 25,000 ஓம் கேள்வியைக் கேட்கும். லேப்டாப்பில் அந்த மின்தடை இல்லை. உடனே மின்சாரத்தைத் தர மறுத்துவிடும். அடுத்த கணமே, வேறு எந்தக் கேள்வியும் கேட்காமல், வலைக்குள் வர அனுமதித்துவிடும். சில வாட் மின்சாரத்தை அந்நியருக்குக் கொடுக்க அவ்வளவு யோசித்த பெட்டி, கட்டடத்தின் அத்தனை கணினிகளுக்கும் போகும் வழியை யோசிக்காமல் திறந்துவிடுகிறது. மின்சாரத்துக்கான கேள்வியைத் தரம் எழுதியவர்கள் கட்டாயமாக்கி, தொழிற்சாலையிலேயே சிப்புக்குள் வைத்தார்கள். அடையாளத்துக்கான கேள்வியை, ஸ்விட்சை நிறுவுபவர் விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். பெரும்பாலும் அவர் வைப்பதில்லை.

கேள்வி கேட்கும் முறை 2001-இலிருந்தே இருக்கிறது. 802.1எக்ஸ் என்று பெயர். இதை இயக்கிவிட்டால், போர்ட்டில் யார் செருகினாலும் அடையாளம் நிரூபிக்கும்வரை ஒரு பாக்கெட்கூட உள்ளே போகாது. அடையாளத்தைச் சரிபார்ப்பது ஸ்விட்ச் அன்று, உள்ளே இருக்கும் தனிச் சர்வர். நல்ல ஐபி போன்கள் பலவற்றில் தயாரிப்பாளரே மின்னணுச் சான்றிதழைப் பதித்து அனுப்புகிறார். போனையும் அதன் பின்னால் தொங்கும் கணினியையும் ஒரே போர்ட்டில் தனித்தனியாகச் சோதிக்கவும் முடியும். சான்றிதழ் தெரியாத பழைய கேமராக்களுக்கு, தொழிற்சாலையில் இட்ட அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்த்து அனுமதிக்கும் ஒரு சலுகை வழி உண்டு. அதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. மேக் முகவரி கருவியின் பின்புறம் ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும், ஏணியில் ஏறியவர் அதைப் படித்துத் தன் லேப்டாப்பில் போட்டுக்கொள்ளலாம். அதனால் கேமரா அறைக்குச் சுவர் வலுவாக இருக்க வேண்டும். அந்த விலானில் இருப்பவர் பதிவுப் பெட்டியோடு மட்டும் பேசலாம், ஊழியர் கணினியோடும் இணையத்தோடும் பேசக் கூடாது என்று விதி எழுதிவிட்டால், முகவரியைத் திருடி வந்தவருக்கும் ஒரு வெற்று அறைதான் கிடைக்கும்.

அந்தச் சுவர் இல்லாததன் விலையை உலகம் 2016-இல் பார்த்தது. மிராய் என்ற நிரல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தேடிப் போனது. அதனிடம் இருந்த ஆயுதம், தொழிற்சாலையில் போட்டு யாரும் மாற்றாமல் விட்ட 60 சொச்சம் பயனர் பெயர்-கடவுச்சொல் ஜோடிகள் மட்டுமே. இலட்சக்கணக்கான கருவிகள் வசமாயின. செப்டம்பரில் பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளரின் தளத்தின் மீது நொடிக்கு 600 ஜிகாபிட்டுக்கும் மேல் கொட்டின. அம்மாதக் கடைசியில் மிராயின் மூலநிரல் பொதுவெளியில் போடப்பட்டது. அக்டோபர் 21 அன்று அதைப் பயன்படுத்தி டைன் என்ற பெயர்-முகவரிச் சேவை தாக்கப்பட்டபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் போன்ற தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் எட்டவில்லை. நிரலை எழுதிய மூன்று இளைஞர்கள் 2017 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கேமராக்களின் உரிமையாளர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் கேமரா என்ன செய்தது என்பது கடைசிவரை தெரிந்திருக்காது. படம் வழக்கம்போல் வந்துகொண்டுதான் இருந்தது.

பி.ஓ.இ. ஸ்விட்சுக்கு இதைவிட நெருக்கமான ஆபத்து ஒன்றும் உண்டு. தொங்கிப்போன கேமராவை மீட்க, ஸ்விட்சுக்குள் நுழைந்து அந்தப் போர்ட்டின் மின்சாரத்தை அணைத்துப் போடுவது வழக்கம். ஏணி வேண்டாம், ஆள் வேண்டாம், ஒரு கட்டளை போதும். அதே கட்டளை தவறான கையில் கிடைத்தால் கட்டடத்தின் அத்தனை கேமராக்களும் போன்களும் ஒரே நொடியில் அணையும். ஒரு கேமராவையும் தொடாமல் எல்லாக் கேமராக்களையும் குருடாக்கலாம். ஸ்விட்சின் நிர்வாகப் பக்கம் எல்லார் கணினியிலிருந்தும் திறக்கும்படி இருக்கக் கூடாது, அதன் கடவுச்சொல் பெட்டியோடு வந்ததாக இருக்கக் கூடாது என்று வற்புறுத்துவது இதனால்தான்.

மருத்துவமனை, பள்ளி, சிறு அலுவலகம், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று நம் ஊர்களில் இப்போது எங்கும் இந்தப் பெட்டிகள் வந்துவிட்டன. அவற்றுள் பலவற்றில் நான் மேலே எழுதிய ஏற்பாடுகள் எல்லாம் இருக்கின்றன, இயக்கப்படாமல். கூடுதலாக எதையும் வாங்க வேண்டியதில்லை, அரை நாள் உட்கார்ந்து போர்ட் போர்ட்டாக எழுதினால் போதும்: இங்கே யார், எவ்வளவு மின்சாரம், எந்த முன்னுரிமை, யாரோடு பேசலாம்.

உங்கள் கட்டடத்தில் கேமரா போட ஆள் வரும்போது, வேலை முடிந்தது என்று அவர் சொன்ன பிறகு ஒரே ஒரு சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். வெளிச்சுவர்க் கேமராவின் கேபிளைக் கழற்றி ஒரு லேப்டாப்பில் செருகட்டும். அலுவலகக் கணினி ஒன்றாவது அதிலிருந்து எட்டினால், பணம் கொடுக்காதீர்கள்.